நாற்பதாயிரம் சுற்று யாருக்கு வேண்டும்?

பதிவு நீளமாகத்தான் இருக்கும். ரிமோட் கார், எஞ்சின், பல் சக்கரம் என்று வந்துகொண்டே இருக்கும். பிடிக்காதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம், வருத்தமில்லை. எனக்கு நாலு நாளாக மனசு ஆறவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

போன ஞாயிறு காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மேல்நிலை வகுப்பில் ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவில் என்னிடம் படித்தவன். இப்போது கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். நல்ல கை. நூறில் ஒரு மில்லிமீட்டரை விரல் நுனியிலேயே சொல்லிவிடுவான். பெயர் போடவில்லை, அவன் அப்பாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். கையில் ஒரு பழைய பனியன் துணி மூட்டை. திண்ணையில் வைத்துப் பிரித்தான். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு எஞ்சின், இல்லை, எஞ்சினாக இருந்தது. கான்ராடு கீழ்க்கண்ணுக்கு மேலே இரண்டாக ஒடிந்திருந்தது. பிஸ்டனின் அடிப்பக்கம் நொறுங்கிப் போயிருந்தது. ஸ்லீவில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். எட்டில் ஒரு பங்கு அளவு ரேஸ் காருக்கான 3.5 சிசி நைட்ரோ எஞ்சின். பழசாக வாங்கியதுதான், அதற்கே ஒரு மாதச் சம்பளம் போயிருக்கிறது.

"என்ன கண்ணு பண்ணுனே?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலைங்க சார். நாப்பதாயிரம் சுத்து வரைக்கும் போகும்னு பெட்டியிலயே போட்டிருந்துச்சு. என்னோடது முப்பத்தஞ்சுக்கு மேல ஏறலை. வீடியோவுல ஒருத்தர் சொன்ன மாதிரி நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்தேன். ஏறுச்சுங்க சார். நாப்பதைத் தொட்டுச்சு. அப்புறம்தான் டப்புனு ஒரு சத்தம்."

வீடியோ போட்டவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பையன் மெதுவாகச் சொன்னான். "நீங்கதானுங்க சார் அன்னிக்கு போர்டுல எழுதுனீங்க, சுத்து கூடுனா பவர் கூடும்னு."

எழுதினேன். முப்பது வருஷம் எழுதினேன். டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் சக்தி என்று எழுதிவிட்டு, கணக்குக் கொடுக்கும்போது டார்க்கை மாறாமல் வைத்து வேகத்தை மட்டும் ஏற்றி ஏற்றிக் கொடுத்தேன். பரிட்சைக்கு அது வசதி. எந்த எஞ்சினிலும் டார்க் அப்படி மாறாமல் நிற்காது என்பதை வாயால் ஒரு தடவை சொல்லியிருப்பேன், போர்டில் எழுதவில்லை. எழுதாதது பிள்ளைகள் நோட்டில் ஏறாது. ஆகவே இந்தப் பதிவில் நான் திட்டப்போகிறவர்களில் முதல் ஆள் நான்தான். மற்றவர்களும் வரிசையில் நில்லுங்கள்.

முதலில் இந்த நாற்பதாயிரம் என்கிற எண்ணைப் பார்த்து வாய் பிளப்பதை நிறுத்துவோம். இந்த ரக எஞ்சினில் வழக்கமான அளவு, போர் 16.27 மி.மீ., ஸ்ட்ரோக் 16.8 மி.மீ. ஒரு சுற்றில் பிஸ்டன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, ஆக 33.6 மி.மீ. ஓடுகிறது. நிமிஷத்துக்கு 40,000 சுற்றானால் சராசரி வேகம் வினாடிக்கு 22.4 மீட்டர். இப்போது பார்முலா ஒன் காரை எடுங்கள். 2006 முதல் 2013 வரை அவர்கள் ஓட்டிய 2.4 லிட்டர் வி8 எஞ்சினில் போர் 98 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று விதி. அந்த அளவில் ஸ்ட்ரோக் 39.8 மி.மீ. வரும். 2009க்குப் பிறகு உச்ச வரம்பு 18,000 சுற்று. கணக்குப் போட்டால் வினாடிக்கு 23.9 மீட்டர். நம் கட்டைவிரல் எஞ்சினை விடக் கொஞ்சம் கூடத்தான். ஸ்ட்ரோக் சின்னதானால் சுற்று தானாகவே கூடும். தையல் மிஷின் ஊசி எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று பார்த்து யாராவது அதை ரேஸ் மிஷின் என்கிறோமா?

ஆனால் வேகம் ஒன்று, வேகம் மாறுவது வேறொன்று. பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் வருகிற முடுக்கம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40,000 சுற்றில், கான்ராடு சாய்வினால் வரும் கூடுதலை விட்டுவிட்டே பார்த்தாலும், புவியீர்ப்பைப் போல 15,000 மடங்கு வருகிறது. மேலே சொன்ன பார்முலா ஒன் எஞ்சினில் இதே கணக்கு 7,200 மடங்கு. இவன் எஞ்சினில் அதைவிட இரண்டு பங்கு! பிஸ்டனும் பின்னும் சேர்ந்து 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அஞ்சு கிராம் உச்சியில் திரும்பும்போது கான்ராடை 75 கிலோ எடையோடு இழுக்கிறது. நம்ம ஊர்ச் சம்சாரி ஒருத்தர் அந்தத் தீக்குச்சிக் கனம் ராடில் தொங்குகிற மாதிரி. அதுவும் வினாடிக்கு 667 தடவை.

33,000 சுற்றிலிருந்து 40,000க்கு ஏற்றினால் சுற்று கூடுவது 21 சதவீதம், ராடின் மேல் சுமை கூடுவது 47 சதவீதம். இந்த ஒரு வரியை நான் போர்டில் எழுதியிருந்தால் அந்தப் பனியன் துணி மூட்டை என் திண்ணைக்கு வந்திருக்காது.

சரி, சுமை கூடட்டும், சக்தியும் கூடுகிறதே என்பீர்கள். கூடுகிறதா? அங்கேதான் வடிவமைப்பு வருகிறது. இந்த எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு கிடையாது. ஸ்லீவின் சுவரில் வெட்டிய ஜன்னல்களை பிஸ்டன் மூடித் திறப்பதுதான் எல்லாம். 40,000 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மில்லி வினாடிதான் நேரம். புதுக் கலவை உள்ளே வருகிற டிரான்ஸ்பர் போர்ட் சுமார் 120 பாகை திறந்திருக்கிறது என்றால், அரை மில்லி வினாடி. அதற்குள் பழைய புகை வெளியே போய், புதுக் கலவை உள்ளே வந்து, வந்தது கூடவே ஓடிவிடாமல் நிற்க வேண்டும். இது நடக்காவிட்டால் சுற்று கூடக் கூட உள்ளே அடைபடும் கலவை குறைகிறது, டார்க் விழுகிறது. 33,000த்தில் இருந்த டார்க்கில் 17.5 சதவீதத்துக்கு மேல் 40,000த்தில் விழுந்திருந்தால் சக்தியே குறைந்துவிட்டது என்று அர்த்தம். காது கூர்மையாகக் கேட்கும், கார் மெதுவாகப் போகும். பையன் காதால் ஓட்டினான்.

இங்கே நம் ஆட்கள் இன்னொரு தப்புப் பாடத்தையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். "போர் பெரிசு, ஸ்ட்ரோக் சின்னது, அதுதான் ஹை ஸ்பீட் எஞ்சின்." நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது சரி. போர் பெரிதானால் தலையில் பெரிய வால்வு வைக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஜன்னல் தலையில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஜன்னலின் அகலம் போரைப் பொறுத்தது, உயரம் ஸ்ட்ரோக்கைப் பொறுத்தது. அப்படியென்றால் அதே பாகைக் கணக்கில் பரப்பு, போரையும் ஸ்ட்ரோக்கையும் பெருக்கிய அளவில்தான் வரும். நீங்களே போட்டுப் பாருங்கள். 17 மி.மீ. போர், 15.4 மி.மீ. ஸ்ட்ரோக், பெருக்கினால் 262. அதே 3.5 சிசிக்குள் 16 மி.மீ. போர், 17.4 மி.மீ. ஸ்ட்ரோக், பெருக்கினால் 278. நீள ஸ்ட்ரோக்குக்கு ஆறு சதவீதம் கூடுதல் ஜன்னல் கிடைக்கிறது! மூச்சு விடுகிற இடம் அதிகம். ஆனால் அதே சுற்றில் ராடின் சுமையும் கூடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வியாபாரம் இது. நல்ல இரண்டு ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சின்கள் போரும் ஸ்ட்ரோக்கும் ஏறக்குறைய சமமாக வந்து நிற்பது இதனால்தான். 125 சிசி கிராண்ட் பிரி மோட்டார் சைக்கிள்களில் 54க்கு 54.5 மி.மீ. என்ற அளவு பல வருஷம் ஓடியதும் இந்தக் கணக்கில்தான்.

இந்த இடத்தில் வால்டர் காடன் என்கிற மனிதரைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோப்பாவ் என்ற சின்ன ஊரில் எம்.இசட். கம்பெனியின் ரேஸ் பிரிவை நடத்தியவர். பணம் கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. இருந்தது காதும் கணக்கும். புகைக்குழாயில் ஓடுகிற அழுத்த அலையைப் பிடித்தார். போர்ட் திறந்ததும் கிளம்புகிற அலை, குழாயின் கடைசிக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பித்துப் போன புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். தள்ளிய அடுத்த கணம் பிஸ்டன் கதவைச் சாத்த வேண்டும். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத் திறனைத் தொட்டது, அதாவது லிட்டருக்கு 200. எத்தனை சுற்றில் தெரியுமா? 10,800. அதே வருஷம் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் மேற்கே தப்பிப் போய், ரகசியத்தோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகிக்காக 50 சிசி உலகப் பட்டம் வாங்கினார். டெக்னர் எடுத்துப்போனது சுற்று எண்ணிக்கையை அல்ல. குழாயின் நீளம், கூம்பின் சரிவு, போர்ட்டின் பாகை, மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதை எடுத்துப்போனார்.

இன்றைக்கு உங்கள் ரிமோட் காரின் வயிற்றோரம் வளைந்து கிடக்கிற அந்தப் பளபளப்புக் குழாய் காடனின் பேரப்பிள்ளைதான். சூடான புகையில் அலை வினாடிக்கு 500 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், புகைப் போர்ட் 180 பாகை திறந்திருக்கும் எஞ்சினில் 40,000 சுற்றுக்கு அலை போய்த் திரும்பக் கிடைப்பது முக்கால் மில்லி வினாடி. குழாயின் நீளம் ஏறக்குறைய 19 செ.மீ. அதே எஞ்சினை 30,000த்தில் இழுக்க வைக்க வேண்டுமானால் 25 செ.மீ. பையனிடம் கேட்டேன், எந்தக் குழாய் போட்டாய் என்று. காரோடு வந்ததாம். அளந்து பார்த்தோம், நீளக் குழாய். கீழ் வேகத்துக்குச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு 40,000த்துக்கு நீடிலை மூடியிருக்கிறான். அலை வந்து தள்ளுவதற்குள் கதவு சாத்தியாகிவிடும். பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடி வருகிற கதை.

கிராங்கைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் காற்றும் எரிபொருளும் கிராங்கின் நடுவில் குடைந்த துளை வழியாகத்தான் உள்ளே போகின்றன. அதிகச் சுற்று வேண்டுமானால் துளை பெரிதாக வேண்டும். துளை பெரிதானால் கிராங்கின் சுவர் மெலியும். அதற்காக உயர் ரக எஃகு, மேலே கரிப் பூச்சு, எதிர் எடைக்கு டங்ஸ்டன் துண்டு, உள்ளே காற்று சுழலாமல் வழுக்கிப் போக சிலிகான் நிரப்பிய வளைவு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஜப்பானில் 1936இல் தொடங்கிய ஓ.எஸ். கம்பெனியும், இத்தாலியில் பிரெசியா வட்டாரத்துப் பட்டறைக்காரர்களும் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த மெலிந்த சுவரோடுதான். அவர்களைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. கும்பிட வேண்டிய கைகள். ஸ்லீவைப் பாருங்களேன்! பித்தளை, உள்ளே குரோம் பூச்சு. பிஸ்டன் அலுமினியம், ரிங் கிடையாது. ஸ்லீவின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் குறுகியிருக்கும். ஆறியிருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய் இறுகி நிற்கும், கையால் சுற்றினால் கீச்சென்று பிடிக்கும். சூடானதும் பித்தளை விரிந்து இடைவெளி சரியாக வரும். அந்தச் சூடு வரவில்லையென்றால் உரசித் தேயும். அதிகமாக வந்தால் எண்ணெய்ப் படலம் கிழிந்து தேயும். நல்ல லேத்காரனுக்கு இதைப் பார்த்தால் கண் கலங்கும்.

என் சண்டை அந்தப் பெட்டியோடு. இத்தனை வேலைப்பாட்டையும் செய்துவிட்டு, பெட்டியின் மேல் பெரிதாகத் தெரிகிற எண்ணாகச் சுற்றை ஏன் போடுகிறார்கள்? வாங்குகிறவன் அதைத்தான் கேட்கிறான். விற்கிறவன் அதைத்தான் சொல்கிறான். வீடியோக்காரர் அதைத்தான் தலைப்பில் போடுகிறார். டார்க் வளைகோட்டை யாராவது கேட்டோமா? எந்தச் சுற்றில் அந்தச் சக்தி வருகிறது, சுமையோடு அளந்ததா, சும்மா சுற்றவிட்டு அளந்ததா என்று கேட்டோமா? மின்சாரக் கார்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் இதே வியாதிதான். மோட்டாரில் 2,000 கே.வி. என்று போட்டிருக்கும், 14.8 வோல்ட் பேட்டரியில் 29,600 சுற்று என்று பெருக்கிவிட்டுக் குதிப்பீர்கள். அது சுமையில்லாத கணக்கு.

போட்டிக் களத்தில் என்ன நடக்கிறது? எட்டில் ஒரு பங்கு காரில் எஞ்சின் 3.5 சிசிக்கு மேல் போகக்கூடாது, எரிபொருள் டேங்க் 125 சிசிக்கு மேல் போகக்கூடாது. உலகப் போட்டி இறுதிச் சுற்று ஒரு மணி நேரம். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு டேங்குக்கு ஏழரை நிமிஷம் ஓடுகிற எஞ்சின் ஒரு மணிக்கு ஏழு தடவை நிற்க வேண்டும். பத்து நிமிஷம் ஓடுகிற எஞ்சின் அஞ்சு தடவை நின்றால் போதும். இரண்டு நிறுத்தத்தில் போகிற நேரத்தை நேர் ரோட்டில் சுற்று ஏற்றிப் பிடிக்க முடியுமா என்று நிதானமாக யோசியுங்கள். மண் தரையில் ஓட்டுகிற பக்கிக் காரின் ஆட்கள் இதை யோசித்தவர்கள். 9 மி.மீ. வாய் உள்ள கார்ப்பரேட்டருக்குள் 6.5 மி.மீ. வளையத்தைச் செருகி ஓட்டுவார்கள். வாயின் பரப்பு பாதியாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய எஞ்சினின் கழுத்தை அவர்களே பிடிக்கிறார்கள்! ஏனென்றால் மண்ணில் வளைவிலிருந்து வெளியே வருகிறபோது இழுக்கிற இழுவைதான் அவர்களுக்கு நேரம். போர்ட் எண்ணிக்கையையும் அவர்கள் குறைவாகவே விரும்பினார்கள்.

தார் ரோட்டு ரேஸ் வேறு. அதை மறைக்க மாட்டேன். அங்கே நீண்ட நேர்ப்பாதை உண்டு, காரில் இரண்டு கியர் உண்டு, தரை பிடிக்கும். அங்கே போர்ட் அதிகம், குழாய் குட்டை, கார்ப்பரேட்டர் வாய் அகலம் என்று உச்சச் சுற்றுக்காகவே செய்த எஞ்சின்தான் ஜெயிக்கும். செய்யட்டும். ஆனால் அந்த எஞ்சினைச் செய்தவன் போர்ட், குழாய், கிராங்க் துளை, ஹெட் ஷிம், குளோ பிளக் எல்லாவற்றையும் அந்தச் சுற்றுக்காகச் சேர்த்துச் செய்திருக்கிறான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து தேய்ந்த உருப்படியை மாற்ற ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறான். நம்ம பையனிடம் இருந்தது மண் கார், நீளக் குழாய், ஒரே கியர், ஒரு மாதச் சம்பளம்.

எரிபொருளிலும் இதே கதை. நைட்ரோமீத்தேன் கூட்டினால் பவர் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் கூடுகிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிராம் போதும். நைட்ரோமீத்தேன் தன் ஆக்ஸிஜனைக் கூடவே கொண்டு வருவதால் 1.7 கிராம். அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம். அப்போது டேங்க் சீக்கிரம் காலியாகும் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது, யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. ஐரோப்பாவில் 2021 பிப்ரவரியிலிருந்து சாதாரண மக்களுக்கு 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவை விற்கக்கூடாது. வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் போட்ட சட்டம். நைட்ரோ குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் ஷிம்மைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றிச் சமாளிக்க வேண்டும். ஸ்பார்க் இல்லாத எஞ்சின் இது. பிளாட்டினம் கம்பிச் சுருளில் மெத்தனால் பட்டுத் தானாகப் பற்றுகிறது. எப்போது பற்ற வேண்டும் என்பதை அழுத்தமும் பிளக்கின் சூடும் கலவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒன்றை மாற்றினால் மூன்றையும் பார்க்க வேண்டும்.

இனி அந்த நீடில். பையன் நீடிலை மூடினான், சுற்று ஏறியது. ஏறும்தான். கலவை மெலியும்போது ஒரு கட்டம் வரை எஞ்சின் துள்ளும். பம்பு செட்டு மெக்கானிக்குக்குக்கூட இது தெரியும். ஆனால் இந்த எஞ்சினுக்கு எண்ணெய் தனியாக இல்லை, எரிபொருளில்தான் கலந்திருக்கிறது. நீடிலை மூடினால் எண்ணெயையும் மூடுகிறாய். குளிரூட்டியையும் மூடுகிறாய், ஏனென்றால் மெத்தனால் ஆவியாகும்போது இழுத்துக்கொள்கிற வெப்பம் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. எண்ணெய் குறைந்து, சூடு ஏறி, ராடின் சுமை வர்க்கத்தில் ஏறி, மூன்றும் ஒரே நேரத்தில் அந்த வெண்கலப் புஷ்ஷின் மேல் வந்து உட்கார்ந்தால் அது என்ன செய்யும் பாவம்.

கடைசியாக அவன் மூக்கில் விரலை வைத்த கணக்கைச் சொல்கிறேன். அவன் காரில் கிளட்ச் பெல்லுக்கு 13 பல், பெரிய சக்கரத்துக்கு 46 பல், பின்னால் டிப்பரன்ஷியலில் 10க்கு 43. மொத்தக் குறைப்பு 15.2. சக்கரத்தின் விட்டம் 11.5 செ.மீ. 40,000 சுற்றில் கார் மணிக்கு 57 கிலோ மீட்டர் போகும். இப்போது 13 பல்லைக் கழற்றிவிட்டு 15 பல் போடு. குறைப்பு 13.2 ஆகிவிடும். அதே 57 கிலோ மீட்டருக்கு எஞ்சின் 34,700 சுற்று சுற்றினால் போதும். அதாவது, அவன் நீடிலை மூடுவதற்கு முன்பே எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்த அதே முப்பத்தஞ்சாயிரம்! குழாய்க்கும் அதுதான் பக்கம். வளைவில் கிளம்பும் இழுவை கொஞ்சம் குறையும், ஆமாம். நீளக் குழாய் அதில் பெரும்பாலானதைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு பல்.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை ஏனுங்க சார் அன்னிக்கே சொல்லலை?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டான். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்ல வந்தேன். பல் சக்கர விகிதம் பாடத்தில் இருந்தது. டார்க்கும் இருந்தது. ஒன்று ஒரு அத்தியாயம், மற்றது வேறொரு அத்தியாயம். ஒன்றுக்கு அஞ்சு மதிப்பெண், மற்றதுக்குப் பத்து. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து நான் காட்டவில்லை. காபி ஆறிப்போச்சு, குடி கண்ணு என்றேன்.

போன பதிவுக்கு ஒரு தம்பி, "சார் நீங்க தியரி, பிராக்டிகல்ல நாங்க பாத்துக்கறோம்" என்று எழுதியிருந்தார். தம்பி, ஒடிந்த ராடு என் மேஜை மேல்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து பிராக்டிகலாகப் பார்க்கலாம். இன்னொருவர், "உலக சாம்பியன்கள் எல்லாம் அதிகச் சுற்றில்தானே ஓட்டுகிறார்கள்" என்பார். அவர்கள் கையில் எஞ்சின் எத்தனை லிட்டர் எரிபொருளுக்கு ஒரு தடவை பிரிக்கப்படுகிறது என்று முதலில் விசாரியுங்கள். விற்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய எஞ்சின் விற்கும்போது அது எந்தக் குழாயோடு, எந்தக் காரில், எத்தனை பல்லில் ஓடியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெட்டியை விட அந்தச் சீட்டு உதவும். ஸ்லீவில் பிடிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று வாங்குகிறவன் கையால் சுற்றிப் பார்க்கவும் விடுங்கள்.

எஞ்சினின் நிலவரம்: ஸ்லீவும் பிஸ்டனும் சேர்ந்த செட்டும், ராடும் சொல்லியாகிவிட்டது. ராடை நானே மில்லிங்கில் போட்டுவிடுகிறேன் என்றான். 7075 அலுமினியம் கிடைக்கும், வெண்கலப் புஷ்ஷும் கிடைக்கும், அவன் கையும் போதும், ஆனால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 15 பல் கிளட்ச் பெல் கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் தலையின் சூட்டை அளக்க வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுத்தேன். அது 43க்கு மேல் காட்டாது, நமக்கு 100, 120 வரை பார்க்க வேண்டும். பவுண்டரியில் இருக்கும் மருமகனிடம் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை ஒன்று கொண்டு வருகிறார்.

உருப்படி வந்து சேர்ந்தால் அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் பக்கத்து லே-அவுட் ரோட்டில் புது செட்டைப் பழக்கப் போகிறோம். முதல் நாலு டேங்க் மெதுவாகத்தான் ஓடும், நிறையப் புகை வரும், ரேஸ் எதுவும் இருக்காது. வருகிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டு வாருங்கள். காபி நான் போட்டுக்கொண்டு வருகிறேன்.